இறக்கி வைத்த இடம்

ஏழு இருபது பஸ் கரடியூரைத் தாண்டிப் போன பிறகுதான் பாக்கியநாதனின் ஜீப் வந்தது. மாதையன் சில்வர் ஓக் மரத்தில் ஏணியைச் சாத்தி மிளகு பறித்துக்கொண்டிருந்தான். ஹாரன் சத்தத்திலேயே யாரென்று தெரிந்தது. இரண்டு தடவை அடித்தால் சும்மா வந்திருக்கிறான். விடாமல் அடித்தால் விஷயம். இன்று விடாமல் அடித்தது.

“ஏனுங்ண்ணா, மொளகு எங்கயும் ஓடிப் போயிறாது. எறங்கி வாங்க.”

“அம்மாவா?”

“நேத்துச் சாயங்காலம் ஃபாதர் வந்து அவஸ்த குடுத்துட்டுப் போயிட்டாருங்க.”

சாகக் கிடப்பவர்களின் நெற்றியிலும் உள்ளங்கையிலும் எண்ணெய் பூசி ஜெபிப்பதை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அதற்குப் பிறகு ஒரு நாளோ, ஒரு வாரமோ. மாதையன் இறங்கினான். மடியிலிருந்த மிளகைக் கூடையில் கொட்டினான்.

“ஆஸ்பத்திரி?”

“வரமாட்டேங்குதுங்க. சேலத்துக்கு எறங்குனா மறுபடி மலை ஏறமாட்டேன், எனக்குத் தெரியும்னு கட்டல் காலப் புடிச்சுக்குது. விடிய விடிய மாதையனக் கூட்டியா, மாதையனக் கூட்டியான்னு ஒரே பாட்டு. பெத்த பையன் தலமாட்டுல கல்லாட்டம் உக்காந்திருக்கறேன். என்ற பேரு அதுக்கு மறந்தே போச்சு.”

சொல்லிவிட்டுச் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது.

காப்பி காயும் களத்திலிருந்து சுஜாதா சட்டையோடு வந்தாள். சட்டையைக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றாள். ஜீப்புக்குக் கேட்காத குரலில் பேசினாள்.

“ஏனுங்க. போனமா, கையப் புடிச்சமா, வந்தமான்னு இருங்க. எதையாச்சும் வாயத் தொறந்து கொட்டீட்டு வராதீங்க.”

“நான் என்ன சொல்லப் போறேன்.”

“உங்க மூஞ்சியே சரியில்ல.”

அவளுக்குத் தெரியும். கல்யாணமான இரண்டாம் வருடம் மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தபோது அவன் உளறியதையெல்லாம் கேட்டுக் கேட்டு முழுவதையும் சேர்த்துக்கொண்டிருந்தாள். காய்ச்சல் விட்ட பிறகு ஒரு வார்த்தை கேட்கவில்லை. ரசம் சோறு பிசைந்து கொடுத்தாள். இந்த உலகத்தில் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

ஜீப் எஸ்டேட் கேட்டைத் தாண்டி வளைந்தது. பாக்கியநாதன் கியரை மாற்றினான்.

“இன்னொண்ணுங்ண்ணா. செபாஸ்டின் அண்ணன் குழியிலயே தன்னைய வெக்கோணும்னு சொல்லுது. ஃபாதரும் சரின்னுட்டாரு.”

ஏற்காட்டில் அவர்களுடைய கல்லறைத் தோட்டம் சிறியது. சரிவான நிலம், அடியில் பாறை. புதுக் குழிக்கு இடமில்லை. ஒரு குடும்பத்துக்கு ஒரு குழி. அடுத்தவர் சாகும்போது அதையே திறப்பார்கள். முன்னால் கிடந்தவரின் எலும்புகளைப் பொறுக்கி, வெள்ளைத் துணியில் முடிந்து, புதுப் பெட்டியின் கால்மாட்டில் வைத்து மூடிவிடுவார்கள். எல்லா வீட்டிலும் நடப்பதுதான். பாக்கியநாதனின் அப்பா மரம் வெட்டப் போன வயநாட்டிலேயே செத்து அங்கேயே அடங்கிவிட்டார். அதனால் இந்த வீட்டுக் குழியில் இருந்தது ஒரே ஆள்.

“எலும்ப நீங்கதான் எடுக்கோணுமாம். வேற யாரும் கை வெக்கக் கூடாதாம். அத்தன தூரத்துலருந்து கொண்டாந்தவன் அவன்தான், அவனே எடுத்து எங்கூட வெக்கட்டும்னு சொல்லுது.”

மாதையன் வெளியே பார்த்தான். சரிவில் காப்பிச் செடிகளுக்கு மேல் பனி இன்னும் கலையவில்லை.

அந்தக் குழியில் இருந்தது செபாஸ்டின் அல்ல.

செபாஸ்டினும் அவனும் ஒரு வயது. கரடியூருக்குக் கீழே இருந்த எஸ்டேட்டில் அப்போது ஆறு மட்டக்குதிரைகள் இருந்தன. ஜீப் இறங்காத பள்ளங்களிலிருந்து காப்பி மூட்டைகளை அவைதான் மேலே கொண்டுவரும். செபாஸ்டினின் அம்மா மரியசெல்வி அங்கே பழம் பறித்தாள். மாதையனின் அப்பா மூட்டை கட்டினார். பையன்கள் இருவரும் குதிரைகளைப் பார்த்துக்கொண்டார்கள். மூட்டையை இறக்கியதும் வெறும் முதுகில் ஏறிப் பள்ளத்துக்குத் திரும்புவார்கள். சேணம் கிடையாது. பிடரி மயிர்தான் பிடி. எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் பார்த்தால் அடி விழும். ரைட்டருக்கு நடை மெதுவு.

சேலத்தில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது இருவரும் போனார்கள். குதிரை பழகியவன் உண்டா என்று கேட்டார்கள். முந்நூறு பேரில் இரண்டு பேர்தான் கை தூக்கினார்கள். செபாஸ்டின் குள்ளம். அளவுக் கட்டையின் கீழே குதிகாலை எம்பி நின்றுதான் தேறினான்.

“உன்னையவே எடுத்தாங்கன்னா நாட்டுல ஆளே இல்லைன்னு அர்த்தம்டா,” என்றான் மாதையன்.

“குதிர மேல ஏறுனா நானும் ஆறடி,” என்றான் செபாஸ்டின்.

ஊரில் குதிரைப் பட்டாளம் என்றால் வாளும் ஈட்டியும் என்று நினைத்தார்கள். லீவில் வந்தபோது டீக்கடையில் கத்தி எங்கே என்று கேட்டார்கள். கத்தி இல்லை. வண்டி போகாத மலையில் குதிரையின் மேல் ஒருவன் முன்னால் போவான். பின்னால் சுமை ஏற்றிய கோவேறு கழுதைகள் ஒன்றோடொன்று கட்டி வரும். கடைசியில் இன்னொரு குதிரைக்காரன். மேலே போகும்போது குண்டும் மண்ணெண்ணெயும் ரொட்டியும். கீழே வரும்போது, சண்டை என்று வந்துவிட்டால், காயம்பட்டவர்களும் செத்தவர்களும். இதையெல்லாம் டீக்கடையில் சொல்லவில்லை. கத்தியை அங்கேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்று செபாஸ்டின் சொல்லிவிட்டான்.

அது தொண்ணூற்றொன்பது, மாசி மாதம். சண்டை வரும் என்று யாருக்கும் தெரியாது. லீவு முடிந்து கிளம்பும் அன்று மரியசெல்வி மாதையனைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“இவிங்கப்பன எங்கயோ உட்டுட்டு வந்துட்டாங்க சாமி. குழி எங்க இருக்குதுன்னுகூட எனக்குத் தெரியாது. இவன அப்படி உட்டுறாத. எப்படி இருந்தாலுஞ் செரி, என்ற ஊட்டுல கொண்டாந்து சேத்தீரு.”

“சேத்தறனுங்கம்மா.”

பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. சொன்னால் விடுவாள் என்றுதான் சொன்னான். ஆனால் சொன்னான்.

ஜூன் மாதம், கார்கில் பக்கம், ஒரு விடியற்காலை. மேலே சுமையைச் சேர்த்துவிட்டு ஓர் ஓடைப் பள்ளத்தின் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். முன்னால் ஹவில்தார், நடுவில் மாதையன், கழுதைகளுக்குப் பின்னால் செபாஸ்டின். குண்டு பின்பாதியில் விழுந்தது. கழுதைகள் நான்கும் போயின. செபாஸ்டினின் குதிரையும் போனது. செபாஸ்டினுக்கு வயிற்றில் பட்டிருந்தது. மாதையன் அவனைத் தூக்கித் தன் குதிரையில் முன்னால் வைத்து, பின்னால் தான் ஏறிக் கட்டிப் பிடித்துக்கொண்டான். செபாஸ்டின் தலையைத் திருப்பி ஏதோ சொன்னான். உதடு அசைந்தது. குண்டுச் சத்தத்தில் மாதையனுக்கு இரண்டு காதும் அடைத்துப்போயிருந்தன. “என்னடா, என்னடா” என்று கேட்டான். தன் குரலே தனக்குக் கேட்கவில்லை. செபாஸ்டின் இன்னொரு தடவை சொன்னான். பிறகு சொல்லவில்லை.

ஒரு மைல் போயிருப்பார்கள். செபாஸ்டினின் தலை பின்னால் சாய்ந்து மாதையனின் தோளில் விழுந்தது.

அந்த இடத்தில்தான் பாறையோரம் இன்னொருவன் கிடந்தான். யாரோ. ஒரு கால் இல்லை. கண் திறந்திருந்தது, இமைத்தது. ஹவில்தாரின் குதிரை நொண்டிக்கொண்டிருந்தது. அதைக் கையில் பிடித்து நடந்துதான் வந்தார். சுமக்க இருந்தது மாதையனின் குதிரை ஒன்றுதான். ஹவில்தார் செபாஸ்டினின் இமையைத் தூக்கிப் பார்த்தார். இவனை இறக்கு, அவனை ஏற்று என்று கையால் காட்டினார். மாதையன் அசையவில்லை. ஹவில்தார் அவன் தொடையில் ஓங்கி அடித்தார்.

இறக்கினார்கள். மாதையன் செபாஸ்டினின் நெஞ்சில் காதை வைத்துப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. உடம்பு சூடாக இருந்தது. அந்தக் குளிரில் சூடு எவ்வளவு நேரம் நிற்கும் என்று அவனுக்குத் தெரியாது. பாறைக்கு அடியில் படுக்கவைத்துக் குதிரைக் கம்பளியைப் போர்த்தினான். முகத்தை மூடினான். பிறகு திறந்தான். ஹவில்தார் இழுத்தார். மறுபடி மூடினான்.

கால் போனவன் பிழைத்தானா என்று யாரும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள்தான் திரும்பிப் போக முடிந்தது. பாறை இல்லை. மேலிருந்த சரிவு முழுவதும் குண்டுகளுக்கு இளகி இறங்கி வந்து பள்ளத்தை மூடியிருந்தது. இருட்டும்வரை கையால் தோண்டினான். எந்த இடத்தில் தோண்டுகிறோம் என்றே தெரியாமல் தோண்டினான். இறக்கச் சொன்ன ஹவில்தார் முந்தின நாளே செத்திருந்தார்.

அடிவாரத்தில் தார்ப்பாயின் கீழே ஆறு பேரைக் கிடத்தியிருந்தார்கள். ஐந்து பேருக்குப் பெயர்ச் சீட்டு கட்டியிருந்தது. ஆறாவது ஆள் எரிந்திருந்தான். முகம் இல்லை. உன் ஊர்க்காரனைக் காணோமே, இது அவனா என்று அதிகாரி கேட்டார். மாதையன் பார்த்தான். நீளமான கால்கள். ஆமாம் என்றான். நிச்சயம்தானா என்று அவர் இரண்டாம் முறை கேட்டார். இருவரும் ஒன்றாகக் குதிரை மேய்த்தவர்கள், எனக்குத் தெரியாதா என்றான். அவர் எழுதிக்கொண்டார்.

பெட்டிக்குத் துணையாக அவனையே அனுப்பினார்கள். மரியசெல்வி பெட்டியின் மேல் விழுந்து கிடந்தாள். பிறகு எழுந்து வந்து, அத்தனை பேர் முன்னால், மாதையனின் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போட்டாள். அவன் ராணுவத்திலிருந்து வந்து, அப்பாவின் இரண்டு ஏக்கரில் காப்பியும் மிளகும் வைத்து, கல்யாணம் செய்து, இரண்டு பிள்ளைகள் பெற்ற இந்த இருபத்தைந்து வருடமும் அவள் அவனுக்கு அம்மா. அவனுடைய சொந்த அம்மா செத்தபோதுகூடத் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவள் அவள்தான்.

பாக்கியநாதன் ஜீப்பைக் கல்லறைத் தோட்டத்துக்கு முன்னால் நிறுத்தினான்.

“ரெண்டு நிமிசம். தேவசிகாமணிகிட்ட ஒரு வார்த்த சொல்லீட்டுப் போயிரலாமுங்க.”

தேவசிகாமணி நாற்பது வருடமாக அங்கே குழி வெட்டுகிறவர். யாருடைய கல்லறை மேலோ உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் பீடியை அணைத்துக் காதில் செருகினார்.

“வாங்க பட்டாளத்துக்காரரே. எப்படியிருக்குது மரியசெல்வி அக்கா?”

“இருக்குதுங்க,” என்றான் பாக்கியநாதன்.

“இருக்கட்டும், இருக்கட்டும். எனக்கொண்ணும் அவசரமில்ல.”

“கல்ல நவுத்தறதுக்கு ஆளு சொல்லி வெச்சுக்கிட்டா நல்லதுங்களே.”

“சொல்லி வெக்கறேன். ஆனா உசுரு இருக்கறப்போ கல்லத் தொடமாட்டேன். அது மொறையில்ல.” எழுந்து செபாஸ்டினின் கல்லறைக்கு வந்தார். காலால் விளிம்பைத் தட்டினார். “பலகை எல்லாம் மக்கியிருக்கும். இது கல்லு மண்ணு, தண்ணி நிக்காது. எலும்பு அப்படியே இருக்கும். தொட எலும்பு ஒண்ணு என்ற கையில குடுங்க. ஆளு எத்தன ஒசரம், எப்படி நடப்பான், எல்லாஞ் சொல்லிப்போடுவேன்.”

“பெரிய டாக்டரு,” என்றான் பாக்கியநாதன்.

“சிரிப்பா, சிரி. போன வருசம் ஒரு ஊட்டுக் குழியத் தொறந்தா ரெண்டு ஆளு எலும்பு. ஒண்ணுதான்னு சாதிக்கறாங்க. நான் எடுத்து அளந்து வெச்சதும் பெரியப்பன் ஒருத்தன் இருந்தான்னு ஞாபகம் வருது அவங்களுக்கு. பெத்தவன மறந்திருவாங்க, எலும்பு மறக்காது.” கல்லை இன்னொரு தடவை தட்டினார். “உங்கண்ணன் என்ன, என்ற தோளுக்கு வருவானா? சின்ன முடிச்சுத்தான். ஆனா அன்னிக்குப் பெட்டி நொம்பக் கனம். ஆறு பேரும் மூச்சு வாங்கிப் போயிட்டோம்.”

“பட்டாளத்துப் பெட்டி,” என்றான் மாதையன். “தடிப் பலகை.”

“இருக்கும்.”

“எலும்ப நானே எடுத்துக்கறனுங்க. நீங்க கல்ல மட்டும் நவுத்திக் குடுங்க. எடுக்கறப்போ பக்கத்துல யாரும் வேண்டாம்.”

தேவசிகாமணி அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

“பழக்கம் உண்டுங்களா?”

“உண்டுங்க.”

ஜீப்பில் ஏறிய பிறகு மாதையன் மனதுக்குள் கணக்குப் போட்டான். செய்துவிடலாம். நீள எலும்புகளை முதலில் எடுத்துத் துணியின் நடுவில் வைத்து, மற்றதை மேலே போட்டு முடிந்துவிட்டால் தேவசிகாமணிக்குக் கூடத் தெரியாது. அவள் நிம்மதியாகப் போய்விடுவாள். அதற்கு மேல் அதை அறிய வேண்டிய ஆள் யாரும் இல்லை. சுஜாதா சொன்னது சரி. கையைப் பிடிப்பது, வருவது.

மரியசெல்வி ஜன்னல் பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கட்டிலில் ஆள் இருப்பதே தெரியவில்லை. கம்பளிக்கு வெளியே கை மட்டும் கிடந்தது. காப்பி பறித்துப் பறித்து விரல் நுனிகள் கறுத்து வளைந்திருந்தன. அவன் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு அந்தக் கையைப் பிடித்தான்.

“வந்துட்டியா சாமி.”

“வந்துட்டனுங்கம்மா.”

“சாப்டியா?”

“ஆச்சுங்க.”

“பொய்யி. மொளகு வாசமடிக்குது. மரத்துலருந்து நேரா எறங்கி வந்திருக்கற. ஏ பாக்கியம், இவனுக்கு ரெண்டு இட்லி வெய்யி.”

“மொதல்ல நீ கஞ்சி குடி. பொறவு ஊருக்கெல்லாம் இட்லி வெப்ப,” என்று சமையலறையிலிருந்து பாக்கியநாதன் சொன்னான்.

“சாவறவளுக்கு எதுக்குடா கஞ்சி. தெம்பா நடந்தா போகப் போறேன்?”

சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, அடங்க நேரமானது. மாதையன் நெஞ்சைத் தடவிக்கொடுத்தான். கையில் எலும்புகள் தட்டின.

“சொன்னானா?”

“சொன்னானுங்க.”

“நீ எடுப்பியல்ல?”

“எடுக்கறனுங்கம்மா.”

“துணி வாங்கி வெச்சிருக்கறேன். பொட்டில இருக்குது. சின்னதுதான். அவன் என்னையாட்டம் சின்ன ஒடம்பு, போதும்.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “கால்மாட்டுல வேண்டாம் சாமி. எல்லாருக்கும் அங்கதான் வெப்பாங்க. நீ பெட்டிய மூடறதுக்கு முன்னால என்ற நெஞ்சு மேல வெச்சிரு. ஃபாதர் ஏதாச்சும் சொன்னா நான் கேட்டேன்னு சொல்லு. ஒரு வயசு வரைக்கும் அவன் பாயில தூங்குனதில்ல. நெஞ்சு மேலதான். எறக்கி உட்டா முழிச்சுக்குவான்.”

மாதையன் தலையை அசைத்தான்.

“உனக்கு நான் ஒண்ணுங் குடுக்கல.”

“அதெல்லாம் என்னத்துக்குங்க.”

“கேளு. முன்ன ஒருக்கா பட்டாளத்துல புள்ளையப் பறிகுடுத்தவங்களச் சேலத்துல கூப்பிட்டுச் சால்வ போட்டாங்கல்ல. அங்க ஒருத்தி, ஆத்தூருக்கு அக்கட்ட, பக்கத்துல உக்காந்திருந்தா. அவ பையன் கெடைக்கவே இல்லையாம். சட்டையும் செருப்பும் வெச்சுப் பொதச்சேன்னு சொல்லி என்ற கையப் புடிச்சுட்டு அழுகறா. நானும் அழுதேன். ஆனா உள்ளுக்குள்ள என்ன நெனச்சேன் தெரியுமா? தப்புத்தான். நெனச்சேன். நல்ல வேள, எனக்கு மாதையன் இருந்தான்னு நெனச்சேன்.”

சமையலறையில் தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. மரியசெல்வி அவன் கையிலிருந்து தன் கையை உருவினாள். கட்டைவிரலை மடக்கி மேலே தூக்கினாள். பாதிவரைதான் வந்தது.

“குனி சாமி. எட்டல.”

அவன் குனியவில்லை.

“குனிடா கண்ணு.”

“அம்மா. அது செபாஸ்டின் இல்லீங்க.”

“எது?”

“குழியில இருக்கறது.”

அவள் கை அப்படியே நின்றது. பிறகு தானாகக் கம்பளியில் விழுந்தது.

அவன் சொன்னான். ஓடைப் பள்ளத்தைச் சொன்னான். குதிரையில் முன்னால் வைத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்ததைச் சொன்னான். கால் போனவனைச் சொன்னான். ஹவில்தார் இமையைத் தூக்கிப் பார்த்ததையும் இறக்கச் சொன்னதையும் இறக்கியதையும் சொன்னான். சரிவு இறங்கி மூடியதைச் சொன்னான். எரிந்து கிடந்தவனைப் பார்த்து ஆமாம் என்றதைச் சொன்னான். இருபத்தைந்து வருடம் சுமந்ததைச் சொல்லி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. காது அடைத்துப்போயிருந்ததை மட்டும் சொல்லவில்லை.

பாக்கியநாதன் இட்லித் தட்டோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை.

“அப்ப அது யாரு?” என்றாள் மரியசெல்வி.

“தெரியலீங்க.”

“பேரு?”

“தெரியலீங்கம்மா.”

அவள் ஜன்னலைப் பார்த்தாள். “அவனப் பெத்தவளும் எங்கயோ சட்டையப் பொதச்சிருப்பா,” என்றாள். அவனிடம் சொன்னதுபோல இல்லை.

பாக்கியநாதன் தட்டைத் தரையில் வைத்தான். வைத்த வேகத்தில் ஓர் இட்லி உருண்டது.

“எதுக்குய்யா இப்ப சொன்ன?” இத்தனை வருடத்தில் அவன் மாதையனை அண்ணன் என்று கூப்பிடாமல் பேசியது அதுதான் முதல் தடவை. “இத்தன வருசம் வாயில என்ன வெச்சிருந்த? அது இப்பவோ அப்பவோன்னு கெடக்குது. இன்னும் ரெண்டு நாளு பொறுத்திருந்தா உனக்கென்ன கொறஞ்சு போயிருக்கும்? உன் மனசுப் பாரத்த எறக்கறதுக்கு என்ற அம்மாதான் கெடச்சுதா?”

மாதையன் எழுந்தான். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றான். கும்பிட்டுவிட்டுப் போகலாம் என்று நினைத்தான். கை எழவில்லை.

“கத்தாத பாக்கியம்,” என்றாள் மரியசெல்வி. “என்னையத் தூக்கி உக்கார வெய்யி.”

பாக்கியநாதன் முதுகுக்குத் தலையணை கொடுத்து நிமிர்த்தினான். தண்ணீர் கேட்டாள். இரண்டு மடக்கு குடித்தாள். மீதி கழுத்தில் வழிந்தது. அதைத் துடைக்க விடவில்லை.

“எங்க வெச்சீங்க அவன?”

மாதையன் நிமிர்ந்து பார்த்தான். அவள் அவனிடம்தான் கேட்டாள். பையனாக இருந்த காலத்திலிருந்து அவள் அவனை நீங்க என்று சொன்னதில்லை.

“ஒரு பாறைக்கு அடியிலீங்க.”

“வெறுந்தரையிலயா?”

“ஆமாங்க. மேல கம்பளி போத்துனனுங்க.”

“மொகத்துக்கு?”

“மொகத்தையும் மூடினனுங்க.”

அவள் அதை யோசித்தாள். நெற்றியில் நேற்றுப் பூசிய எண்ணெய் இன்னும் காயாமல் மினுங்கியது. வெளியே டூரிஸ்ட் வேன் ஒன்று பாட்டுப் போட்டுக்கொண்டு லேக் பக்கம் இறங்கியது. சத்தம் தேயும்வரை அவள் பொறுத்திருந்தாள். பாக்கியநாதன் அம்மாவின் தோளில் கை வைத்தான். கையைத் தட்டிவிட்டாள். மாதையனின் முகத்தை விட்டு அவள் கண் நகரவில்லை.

“அந்த ஹவில்தாரு கண்ண மட்டுந்தானுங்களே தூக்கிப் பாத்தாரு. கட்டிப் புடிச்சுட்டு வந்தவரு நீங்க. எறக்கறப்போ அவனுக்கு உசுரு இருந்துச்சுங்களா?”